பழம்பாட்டு ஒரு டாலர்

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பிரெஞ்சுப் பகுதியில், செயின்ட் பீட்டர் தெருவில், 726 என்று இலக்கமிட்ட பழைய கட்டடம் ஒன்றின் வாசலில் மாலைதோறும் ஜனங்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். உள்ளே அவர்களுக்காகக் காத்திருக்கும் சௌகரியங்கள் என்று சொல்லத்தக்கவை அநேகமாக ஒன்றும் இல்லை. நிறம் மங்கிக் காரை பெயர்ந்த சுவர்கள், சில மர பெஞ்சுகள், தரையில் போட்ட சில திண்டுகள், இவற்றில் இடம் கிடைக்காதவர்கள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதற்கான கொஞ்சம் வெற்றிடம்: மண்டபம் என்று பெயர் பெற்ற அந்தச் சிறிய அறையின் சம்பத்து இவ்வளவுதான். மதுவுக்கும் கேளிக்கைக்கும் உலகெங்கும் பேர்போன அந்த ஊரிலே இந்த அறையில் மட்டும் மது விற்பதில்லை என்பது ஓர் ஆச்சரியம். ஒலிபெருக்கி வைப்பதில்லை என்பது அதைவிடப் பெரிய ஆச்சரியம். வித்வான்கள் ஆறேழு பேர், முன்வரிசைக்காரரின் முழங்கால் தங்கள் முழங்காலில் இடிக்கும்படியான தூரத்தில் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்து, பித்தளையும் தோலும் மரமும் தாமாக எழுப்பக்கூடிய ஓசையையே நம்பி, தங்கள் பாட்டனார் காலத்து நாட்டியப் பாட்டுக்களை வாசிக்கிறார்கள்.

இதற்கு ‘பிரிசர்வேஷன் ஹால்’ என்று பெயர். ஒரு பொருள் கெடாமல் காப்பாற்றி வைக்கும் இடம் என்று அர்த்தம். பழத்தைச் சர்க்கரைப் பாகில் இட்டுப் புட்டியில் அடைத்து வைப்பதற்கும் ஆங்கிலேயர் அதே சொல்லைத்தான் கையாளுகிறார்கள் என்பதை எண்ணும்போது, பெயர் வைத்தவர்கள் சற்று யோசித்து வைத்திருக்கலாமோ என்று தோன்றும். அந்த மண்டபத்தில் வித்வான்களுக்குப் பின்னால் நெடுங்காலம் ஒரு பலகை தொங்கியது. நேயர்கள் விரும்பிக் கேட்கும் பாட்டுக்கு என்ன காணிக்கை என்பதை அது அறிவித்தது: சம்பிரதாயப் பாட்டு ஒரு டாலர், மற்றப் பாட்டு இரண்டு டாலர், ‘செயின்ட்ஸ்’ ஐந்து டாலர். ‘வென் த செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்’ என்ற அந்தப் பாட்டை, ஊருக்கு வரும் ஒவ்வொரு யாத்திரிகரும், வேறு பாட்டே உலகத்தில் இல்லாதது போல ஒவ்வோர் இரவும் கேட்டு வந்தபடியால், வாசித்து வாசித்துச் சலித்துப்போன கிழவர்களுக்கு அது ஒரு நஷ்ட ஈடு. கேட்பவருக்கு ஓர் அபராதம். விலைவாசி ஏற ஏறப் பலகையில் கண்ட தொகைகளும் பின்னாளில் ஏறின.

பலகையை எழுதியவர் விளையாட்டாகத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆயினும், எது சம்பிரதாயம், எது ‘மற்றவை’, அந்த வகைப்பாட்டைச் செய்ய அதிகாரம் பெற்றவர் யார் என்ற மூன்று கேள்விகளும் அதில் ஒளிந்திருக்கின்றன. ஆதிகால ஜாஸைப் புதுப்பிக்கக் கிளம்பியவர்கள் 1930-களின் கடைசியிலிருந்து ஒருவரோடொருவர் ஓயாமல் நடத்திவரும் வழக்கும் இந்த மூன்றைப் பற்றியதே.

ஜாஸ் பிறந்த நாளை எவரும் பஞ்சாங்கத்தில் குறித்து வைக்கவில்லை. சென்ற நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில், நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின மக்களிடையே, தேவாலயப் பாட்டும், வயலில் உழைப்போர் பாட்டும், ராணுவ பாண்டு வாத்தியமும், ராக்டைம் என்ற துள்ளு நடைப் பியானோ இசையும், கிரியோல் குடும்பங்கள் முறையாகப் பயின்றிருந்த ஐரோப்பிய சங்கீதமும் ஒன்றோடொன்று உராய்ந்தபோது தெறித்த பொறி அது. அதன் ஆதி புருஷராகச் சொல்லப்படும் படி போல்டன் 1877-இல் பிறந்து, கார்னெட் வாசித்து, ஊரையே கிறங்கவைத்து, சித்தம் கலங்கி 1907-இல் மனநோய் விடுதிக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே 1931-இல் காலமானார். அவருடைய வாசிப்பில் ஒரு விநாடியேனும் இசைத்தட்டில் பதிவாகிக் கிடைக்கவில்லை. ஆகவே மூலபாடம் தொலைந்துபோன காவியத்துக்கு உரை எழுதுகிறவர்களின் நிலைமையே ஜாஸைப் புதுப்பிக்க முயன்றவர்களுக்கும் ஆரம்பத்திலேயே ஏற்பட்டுவிட்டது.

அந்த ஆதி இசையின் லட்சணத்தைச் சொல்லவேண்டுமானால், மூன்று காற்று வாத்தியங்களின் சம்பாஷணை என்று சொல்லலாம். கார்னெட்டோ டிரம்பெட்டோ மெட்டின் உருவம் கலையாமல், சற்று முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளி நடத்திச் செல்லும். கிளாரினெட் அதற்கு மேலே கொடி சுற்றினாற்போல ஓடும். டிராம்போன் கீழே நின்று, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் சென்று, ஒவ்வொரு அடியின் முடிவையும் அடுத்த அடியின் தொடக்கத்தோடு ஒட்டவைக்கும். டிராம்போன் வாசிப்பில் இந்த வழுக்கு நடைக்கு ‘டெயில்கேட்’ என்று பெயர்; நடனக் கச்சேரிகளுக்கு விளம்பரம் செய்ய வாத்தியக்காரர்கள் குதிரை வண்டியில் ஏறித் தெருத்தெருவாகப் போகையில், டிராம்போனின் நீண்ட குழலை இழுத்து நீட்ட இடம் வேண்டி அதை வாசிப்பவரை வண்டியின் பின்பலகையருகே உட்காரவைத்ததால் வந்த பெயர் என்பார்கள். பாஞ்சோ, டியூபா அல்லது பாஸ் பிடில், பியானோ, டிரம் ஆகியவை தாளத்தைத் தாங்கும். முன்னணியில் உள்ள மூவரும் ஒரே சமயத்தில் மனோதர்மமாக வாசிப்பார்கள், ஒருவர் பேச மற்றவர் காத்திருப்பது என்பது அருமை, இருந்தும் கூச்சலாகாது. பிற்கால ஜாஸில் தனி வாசிப்பு ராஜாங்கம் செய்யத் தொடங்கியபோது மறைந்தது முக்கியமாக இந்தக் கூட்டு மனோதர்மம்தான்.

அந்த ஊரின் சாவு ஊர்வலத்தைச் சொல்லாமல் இந்த இசையை விளங்கவைக்க முடியாது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது பித்தளை வாத்தியக் கோஷ்டி சோக கீதங்களை அடிமேல் அடி வைத்து வாசித்துச் செல்லும். சிறு டிரம்மின் அடித்தோலில் பொருந்திய கம்பி நரம்புகள் அதிராதபடி ஒரு கைக்குட்டையைச் செருகி, அதன் குரலை மந்தமாக்கி வைத்திருப்பார்கள். அடக்கம் முடிந்து, மரியாதைக்குரிய தூரம் நடந்து வந்த பின்பு, கைக்குட்டை உருவப்படும். நரம்புகள் சடசடவென்று உயிர்பெறும். கார்னெட் உரக்க அழைக்கும். பின்னால் வரும் ஜனத்திரள், அதற்கு ‘இரண்டாம் வரிசை’ என்று பெயர், குடைகளையும் கைக்குட்டைகளையும் வீசி ஆடிக்கொண்டு வீடு திரும்பும். துக்கத்துக்கும் களிப்புக்கும் நடுவே நின்றது ஒரு கைக்குட்டை. இதைத் தெருவில் நடந்து கற்றவர்களுக்கும் கிராமபோன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து கற்றவர்களுக்கும் வித்தியாசம் இருக்கத்தானே வேண்டும்?

இசைத்தட்டில் முதன்முதலாக ஏறியவர்கள் இதை உண்டாக்கியவர்கள் அல்லர். 1917-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காக வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸிலிருந்து போன வெள்ளையர் ஐவர். கறுப்பின வித்வான்களின் சிறந்த கோஷ்டியாகிய கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பாண்டு 1923 ஏப்ரலில்தான், இண்டியானா ராஜ்யத்து ரிச்மண்ட் ஊரில், ஜெனட் கம்பெனியின் பதிவு அறையில் நின்றது. ஆலிவருக்குப் பக்கத்தில் இரண்டாவது கார்னெட் வாசித்த இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். அப்போது மின்சாரப் பதிவு கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கூம்பின் வாயில் வாசித்தால், அந்த ஓசையின் வேகமே ஊசியைத் தள்ளி மெழுகில் கீறும். பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்ற பயத்தால், பேபி டாட்ஸ் போன்ற மகா வித்வான்கூடப் பெரும்பாலும் மரக்கட்டைகளையே தட்டிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்தில் தீர்ந்துவிடும். நடன மண்டபத்தில் அதே பாட்டை, ஆடுவோர் கால் ஓயும்வரை, எவ்வளவோ நேரம் வாசித்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது சீக்கிரம் சொல்லிவிடத்தக்கது. வேலையும் மானமும் தேடித் தென்னாட்டுக் கறுப்பின மக்கள் வடக்கே சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் பெயர்ந்தார்கள். வித்வான்களில் பலரும் உடன் சென்றார்கள். 1929-இல் வந்த பொருளாதார மந்தம் இசைத்தட்டு வியாபாரத்தைக் குப்புறத் தள்ளியது. மந்தம் தெளிந்தபோது, பதினைந்து பேர் தாளைப் பார்த்து வாசிக்கும் ‘ஸ்விங்’ கோஷ்டிகளின் காலமாக இருந்தது. ஆம்ஸ்ட்ராங் அந்தக் காலத்தோடும் நடந்தார். அவருக்கு வழிகாட்டிய ஆலிவரோ, பற்களும் ஈறுகளும் கெட்டு, ஊதமுடியாமல், ஜார்ஜியா ராஜ்யத்து ஸவானா நகரில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்து, 1938-இல் வறுமையில் இறந்தார். அதே ஆண்டு, பியானோ வித்வான் ஜெல்லி ரோல் மார்ட்டனை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு அழைத்து, ஆலன் லோமாக்ஸ் என்பவர் அவருடைய கதையையும் வாசிப்பையும் மணிக்கணக்காகப் பதிவு செய்தார். ஜாஸைக் கண்டுபிடித்தவன் நானே என்று சொல்லிக்கொண்டிருந்தவர் மார்ட்டன். பொய்தான், ஆனால் அந்தப் பொய்யைப் பியானோவில் அவர் நிரூபித்துக் காட்டிய அழகைக் கேட்டால் மறுக்க மனம் வராது.

அழிந்துவிட்டதென்று கருதப்பட்ட இந்த இசையைப் புதுப்பிக்கப் புறப்பட்டவர்கள் இரண்டு வழிகளில் சென்றார்கள். தட்டைக் கேட்டுப் புதுப்பிப்பது ஒரு வழி. ஆளைத் தேடிப் புதுப்பிப்பது மற்றொன்று. முதல் வழியின் முக்கியமான ஸ்தானம் ஸான் பிரான்ஸிஸ்கோ. லூ வாட்டர்ஸ் என்ற டிரம்பெட் வித்வான், பெரிய நாட்டிய கோஷ்டிகளில் வாசித்து அலுத்துப்போய், 1940-ஆம் ஆண்டையொட்டி எர்பா புவேனா ஜாஸ் பாண்டு என்ற கோஷ்டியை அமைத்து, ‘டான் கிளப்’ என்னும் மதுசாலையில் வாசிக்கலானார். ஆலிவரிடத்தில் இருந்ததுபோல இரண்டு கார்னெட் உண்டு; பாஞ்சோவும் டியூபாவும் உண்டு. தட்டுகளைத் தேய்ந்துபோகும் வரை கேட்டு, ஒவ்வொரு இழையையும் எடுத்துக் கோத்த உழைப்பு வணங்கத்தக்கது. ஆனால் இந்த வழியில் ஒரு விநோதமான ஆபத்து இருந்தது. மெழுகில் ஊசி துள்ளக்கூடாது என்பதற்காக அன்று கையாண்ட உபாயங்களையெல்லாம், பாண்டுக்குப் பாண்டு, ஆதி ஜாஸின் இலக்கணம் என்று நம்பிவிட்டவர்கள் உண்டு. பெரிய டிரம்மை மேடையில் வைத்துக்கொண்டே, அதைத் தொடாமல், மரக்கட்டையைத் தட்டியவர்களும் இருந்தார்கள். ஏடு பெயர்த்து எழுதியவனின் கைப்பிழையைப் புலவரின் பாடம் என்று கொண்டு பொருள் சொல்வது தமிழறிந்தவர்களுக்குப் புதிய கதை அல்ல.

இரண்டாவது வழியில் சென்றவர்களுள் தலையாயவர் வில்லியம் ரஸ்ஸல். மிசௌரி ராஜ்யத்தில் பிறந்து, வயலின் கற்று, தாள வாத்தியங்களுக்கென்றே அதி நவீனமான சாகித்தியங்கள் இயற்றி, ஜான் கேஜ் போன்ற புதுமைவாதிகளின் மதிப்பைப் பெற்றிருந்த அவர், அந்தக் கீர்த்தியையெல்லாம் உதறிவிட்டுப் பழைய ஜாஸ் வித்வான்களைத் தேடி, சுவடி தேடி ஊர் ஊராய் அலைந்த புலவர்களைப் போல அலைந்தார். 1939-இல் ‘ஜாஸ்மென்’ என்ற நூல் தயாராகிக்கொண்டிருந்தபோது, போல்டனோடு வாசித்தவர் யாரேனும் உயிரோடிருக்கிறாரா என்ற விசாரணையில் ஆம்ஸ்ட்ராங் முதலியோர் சொன்ன பெயர் பங்க் ஜான்ஸன். லூயிஸியானாவில் நியூ ஐபீரியா என்னும் சிற்றூரில், லாரி ஓட்டியும் நெல் வயல்களில் கூலிவேலை செய்தும் அவர் காலம் கழித்துக்கொண்டிருந்தார். வாயில் பற்கள் இல்லை. கையில் வாத்தியம் இல்லை. 1931-இல் ரெய்ன் என்ற ஊரில் ஒரு நடனக் கச்சேரியின்போது, கோஷ்டித் தலைவரான எவன் தாமஸை ஒருவன் மேடையிலேயே குத்திக் கொன்று, வாத்தியங்களையும் நாசப்படுத்திவிட்டான். பங்க்கின் டிரம்பெட் அன்று போயிற்று. அதே மேடையில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் லூயிஸ் என்பவரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரசிகர்கள் பணம் சேர்த்தார்கள். சிட்னி பெஷே என்ற பெருங் கிளாரினெட் வித்வானின் சகோதரர் லெனர்ட் பெஷே பல் வைத்தியர். அவர் பங்க்குக்குப் பற்செட்டு செய்து கொடுத்தார். ஒரு டிரம்பெட்டும் வந்து சேர்ந்தது. 1942-இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு வாத்தியக் கடையின் மாடியில் முதல் பதிவு நடந்தது. 1944-இல் ரஸ்ஸல் தாமே ‘அமெரிக்கன் மியூசிக்’ என்ற பெயரில் இசைத்தட்டுக்களை வெளியிட ஆரம்பித்தார். கப்பல் துறையில் மூட்டை தூக்கிப் பிழைத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் லூயிஸ், அந்த ஆண்டு வேலையில் விபத்து நேர்ந்து மார்பில் அடிபட்டுக் கிடந்தார். அவருடைய படுக்கையருகே பாஞ்சோவையும் பாஸ் பிடிலையும் கொண்டுபோய் வைத்துக்கொண்டு பதிந்ததுதான் ‘பர்கண்டி ஸ்ட்ரீட் புளூஸ்’. கிளாரினெட்டுக்கு மூச்சு எவ்வளவு தேவை என்பதை அறிந்தவர்கள் அந்தப் பதிவைக் கேட்கும்போது ஒரு கணம் தங்கள் மூச்சையும் அடக்கிக்கொள்ளாமல் இருக்கமாட்டார்கள்.

1945 செப்டம்பரில் நியூயார்க்கில் ஸ்டைவசெண்ட் காஸினோ என்ற நடன மண்டபத்தில் பங்க்கின் கோஷ்டி அரங்கேறியது. ஜார்ஜ் லூயிஸ், டிராம்போன் ஜிம் ராபின்ஸன், ஆலிவரோடு வாசித்த அதே பேபி டாட்ஸ் எல்லோரும் உடனிருந்தார்கள். பத்திரிகைகள் எழுதின, எழுத்தாளர்களும் சித்திரக்காரர்களும் மாணவர்களும் வந்து குவிந்தார்கள். மறைந்துபோன யுகத்தின் ரிஷி ஒருவர் குகையிலிருந்து வெளிப்பட்டதுபோல அவர்கள் பங்க்கைப் பார்த்தார்கள். இங்கேதான் கதையின் சுவாரசியமான திருப்பம். ரிஷி சொன்னபடி கேட்கவில்லை.

ரசிகர்கள் எதிர்பார்த்தது 1905-ஆம் வருஷம். பங்க் வாசிக்க விரும்பியதோ நேற்று ரேடியோவில் வந்த பாட்டு. ஊரிலே நடனக் கச்சேரி செய்து பிழைத்த வித்வானுக்கு, ஜனங்கள் விரும்பும் புதிய பாட்டை உடனே கற்று வாசிப்பதே தொழில் தர்மம். ‘சம்பிரதாயம்’ என்ற சொல்லே அவர் வாழ்க்கையில் புழங்கியதல்ல. தம்மோடு அழைத்துவந்த கோஷ்டியையும் அவர் மதிக்கவில்லை. ஸ்வரம் பார்த்து வாசிக்கத் தெரியாதவர்கள் என்று குறை சொன்னார். குடித்தார், சண்டையிட்டார், சில இரவுகளில் வாசிக்க வரவேயில்லை. 1947 டிசம்பரில், தம் இஷ்டம்போல நியூயார்க் வித்வான்களைச் சேர்த்துக்கொண்டு அவர் செய்த பதிவில், அச்சிட்ட தாளில் கண்டபடி வாசித்த பழைய ராக்டைம்களும் காலத்துக்கேற்ற சினிமாத்தனமான பாட்டுக்களும் கலந்து கிடந்தன. அவரைத் தேடிக் கண்டெடுத்தவர்கள் கேட்க விரும்பிய ஜாஸ் அது அல்ல. அவர் வாசிக்க விரும்பிய ஜாஸ் அதுதான். 1949 ஜூலையில் தம் ஊரில் அவர் இறந்தார். பிறந்த வருஷம் 1879 என்று அவர் சொல்லிவந்ததைப் பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் ஏற்கவில்லை. பத்து வயது கூட்டிச் சொல்லியிருக்கிறார் என்பது அவர்கள் கருத்து. அப்படியானால் போல்டனோடு வாசித்த கதையும் ஆட்டங்கண்டுவிடும். கிழவர்களைத் தேடி வந்தவர்களுக்குக் கிழவராகவே நடித்துக் காட்டியிருக்கிறார் மனிதர்! இதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பற்செட்டும் டிரம்பெட்டும் வாங்கித் தருவதாகச் சொல்கிற அன்னியர் கேட்கும் கேள்விக்கு, அந்த ஊரில், அந்த நிறத்தில், அந்த வறுமையில் இருந்தவர் என்ன பதில் சொல்லவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கலாம்?

பங்க் போனபின் கோஷ்டியின் தலைமை ஜார்ஜ் லூயிஸிடம் வந்தது. அவர் சாந்தர். தாள் பார்க்கத் தெரியாதவர் என்று பங்க் பழித்த அந்தக் கிளாரினெட்டையே, கடல் கடந்த தேசங்களில் இளைஞர்கள் கரைந்து கேட்டார்கள். இங்கிலாந்தில் கென் காலியர் என்ற கார்னெட் வித்வான் நியூ ஆர்லியன்ஸைக் கண்ணால் காணவேண்டும் என்பதற்காகவே வர்த்தகக் கப்பலில் வேலைக்கமர்ந்து, 1952-இல் அந்த ஊர் சேர்ந்து, லூயிஸின் கோஷ்டியோடு வாசித்து, அனுமதிக் கெடு கடந்தும் தங்கியதால் சிறையில் வைக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். ஊர் திரும்பியவரை வீரராகவே வரவேற்றார்கள். ஆனால் அவர் கொண்டுவந்த சுத்தம் அவர் கோஷ்டிக்கே தாங்கவில்லை. 1954-இல் கிறிஸ் பார்பர் முதலியோர் பிரிந்தனர். இடைவேளையில் கித்தாரும் வாஷ்போர்டு என்ற துணி தோய்க்கும் பலகையும் வைத்துக்கொண்டு அவர்கள் பாடிய ‘ஸ்கிஃபிள்’ என்ற எளிய பாட்டு, பாஞ்சோக்காரர் லானி டானகன் வழியாக நாடெங்கும் பற்றிக்கொண்டது. லிவர்பூலில் ஜான் லென்னன் என்ற பள்ளிச் சிறுவன் அதைக் கேட்டுத்தான் முதல் கோஷ்டி சேர்த்தான். 1905-க்குத் திரும்பப் புறப்பட்ட கப்பல் பீட்டில்ஸ் என்ற துறைமுகத்தில் கரை சேர்ந்தது. இதற்கிடையே, பழமைப் பிரியர்களுக்கு நவீன ஜாஸ்காரர்கள் ‘பூஞ்சை பிடித்த அத்திப்பழங்கள்’ என்று பெயர் சூட்டினார்கள். 1960-இல் பியூலி என்ற இடத்து விழாவில் இரு கட்சி ரசிகர்களும் கைகலந்தே விட்டார்கள். அமைதியான நாட்டில் கிளாரினெட்டுக்கும் ஸாக்ஸஃபோனுக்குமாக அடிதடி!

ஸாக்ஸஃபோன் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். அசல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸில் அந்த வாத்தியத்துக்கு இடமில்லை என்பது பழமைவாதிகள் பலரின் வேதவாக்கு. 1927-இல் நியூ ஆர்லியன்ஸிலேயே பதிவான ஸாம் மார்கனின் கோஷ்டியில் ஜிம் ராபின்ஸனுக்குப் பக்கத்தில் ஸாக்ஸஃபோன்கள் தெளிவாகக் கேட்கின்றன. ஊரில் தங்கிவிட்டவர்களின் இசை எந்த ஆண்டிலும் உறைந்து நிற்கவில்லை. அது தட்டுக்களுக்கு வெளியே, தன் போக்கில் வளர்ந்துகொண்டே இருந்தது. இறந்ததை உயிர்ப்பிக்கிறோம் என்று வந்தவர்கள் கண்டது, எப்போதுமே இறவாத ஒன்று, வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைத்தான்.

செயின்ட் பீட்டர் தெரு மண்டபத்தின் விசேஷம் இதை அறிந்து நடந்துகொண்டதில் இருக்கிறது. 1950-களில் அந்தக் கட்டடத்தில் லாரி போரன்ஸ்டைன் என்பவர் சித்திரக் கடை வைத்திருந்தார். மாலையில் கடையை விட்டுப் பாட்டுக் கேட்கப் போகமுடியவில்லையே என்ற குறையால், வித்வான்களைக் கடைக்கே அழைத்து வாசிக்கச் செய்தார். கேட்டவர்கள் விரும்பியதைக் கொடுத்தார்கள். 1961-இல், பிலடெல்பியாவைச் சேர்ந்த இளந் தம்பதிகளான ஆலன் ஜாஃபியும் ஸாண்ட்ரா ஜாஃபியும் மெக்சிகோவுக்குப் போய்த் திரும்பும் வழியில் அந்த ஊரில் இறங்கினார்கள், சங்கீதத்தில் சிக்கிக்கொண்டார்கள், மண்டபத்தை நடத்தும் பொறுப்பும் சில மாதங்களில் அவர்களிடம் வந்துவிட்டது. ஆலன் வியாபாரக் கல்வி கற்றவர். ஆனால் டியூபா வாசிப்பவர். ஸாண்ட்ரா வாசலில் கூடையோடு உட்கார்ந்து காசு வாங்கினார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்து வாசிப்பதையும் சேர்ந்து கேட்பதையும் தென்னாட்டின் வழக்கமும் போலீஸும் பொறுக்காத காலம் அது. அங்கே இருவரும் அருகருகே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அவர்கள் கூப்பிட்டு உட்காரவைத்தவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள்! கண்ணிழந்த டி டி பியர்ஸ் கார்னெட் வாசிக்க, மனைவி பில்லி பியானோவில் அமர்ந்து பாடுவார். ஸ்வீட் எம்மா பேரட் என்ற அம்மையார், காலுறைக் கட்டில் சிறு மணிகளைத் தைத்துக்கொண்டு, பாதத்தால் தாளம் போடும்போது அவை குலுங்கப் பியானோ வாசிப்பார். 1967-இல் பக்கவாதம் கண்டு ஒரு கை விழுந்த பிறகும், மற்றொரு கையால் வாசித்துக்கொண்டிருந்தார். டிரம்பெட் பெர்ஸி ஹம்ஃப்ரியும் கிளாரினெட் வில்லி ஹம்ஃப்ரியும் சகோதரர்கள். பாட்டனாரே ஊருக்கெல்லாம் வாத்திய வாத்தியார். கிட் தாமஸ் வேலண்டைன் டிரம்பெட்டில் மெட்டைச் சொல்லமாட்டார், அறைவார். காப்டன் ஜான் ஹேண்டி என்பவர் வாசித்தது, ஆம், ஸாக்ஸஃபோன். அது சம்பிரதாயமா என்று மண்டபத்தில் யாரும் கேட்கவில்லை. ஹேண்டி பல ஆண்டுகளாக அந்த ஊர் நடனங்களில் அப்படித்தான் வாசித்துவந்தார், அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? வில்லியம் ரஸ்ஸலும் அந்த ஊருக்கே வந்து குடியேறி, டூலேன் சர்வகலாசாலையில் ஜாஸ் ஆவணக் காப்பகத்தின் முதல் காப்பாளராகி, கிழவர்களின் வாய்மொழியையெல்லாம் நாடாவில் பதிந்துவைத்தார். மண்டபத்தின் கோஷ்டிகள் ஊர் ஊராகச் சென்றன. ஜார்ஜ் லூயிஸ் 1963 தொடங்கி ஜப்பானுக்கு மும்முறை போய்வந்தார். அங்கே அவர் வாசிப்பைக் கேட்டவர்களில் யோஷியோ தொயாமா, அவர் மனைவி கெய்கோ என்ற இளந் தம்பதிகள் 1968-இல் நியூ ஆர்லியன்ஸுக்கே போய்ச் சில ஆண்டுகள் தங்கி, கிழவர்களிடம் குருகுலவாசம் செய்தார்கள்.

இவ்வளவிலும் ஒரு சங்கடம் இருந்ததை மறைப்பது நியாயமன்று. தேடியவர், பதிந்தவர், கேட்டவர், கற்றவர் ஆகிய எல்லோரிலும் வெள்ளையரும் அன்னியருமே மிகுதி. கறுப்பின இளைஞர்களுக்கு இந்தப் பாட்டு, தலைகுனிந்து வாழ்ந்த தாத்தாக்களின் காலத்தை நினைவூட்டுவதாகவே தோன்றியது; அவர்கள் வேறு இசைகளை நாடினார்கள். இதை மாற்றியவர் டானி பார்க்கர் என்ற பாஞ்சோ வித்வான். நெடுங்காலம் நியூயார்க்கில் இருந்துவிட்டு 1965-இல் ஊர் திரும்பிய அவர், 1970-களின் தொடக்கத்தில் ஃபேர்வியூ பாப்டிஸ்டு தேவாலயத்தின் நிழலில் சிறுவர்களைச் சேர்த்து ஒரு பித்தளை வாத்தியக் கோஷ்டியை உண்டாக்கினார். பின்னாளில் டிரம்பெட்டில் பேர்பெற்றவர்களில் லீராய் ஜோன்ஸ் அங்கிருந்து வந்தவர்; வின்டன் மார்ஸாலிஸ் சிறுவயதில் அதில் ஊதியிருக்கிறார். தெருவில் நடந்து வாசிக்கும் பழக்கம் பேரன்களிடம் திரும்பிற்று. பேரன்கள் பேரன்களாகத்தான் நடந்துகொண்டார்கள்: 1977-இல் கிளம்பிய டர்ட்டி டஸன் கோஷ்டி, சாவு ஊர்வல வாத்தியங்களையே வைத்துக்கொண்டு, நவீன பீபாப்பையும் ஃபங்க்கையும் தெருவில் முழக்கிற்று. இது சம்பிரதாயமல்ல என்று முணுமுணுத்தவர்களில் முன்பு ஸாக்ஸஃபோனை எதிர்த்தவர்களின் வாரிசுகள் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். தெருவில் ஆடிக்கொண்டு பின்னே வந்த இரண்டாம் வரிசை முணுமுணுக்கவில்லை.

ஆலன் ஜாஃபி 1987-இல் இறந்தார். மகன் பென் 1993-இல் படிப்பை முடித்து வந்து, தந்தையின் டியூபாவையும் மண்டபத்தையும் ஏற்றார். 2005 ஆகஸ்டில் கட்ரீனாப் புயல் ஊரை மூழ்கடித்தபோது, மேட்டிலிருந்த பிரெஞ்சுப் பகுதி பிழைத்தது. வித்வான்களின் வீடுகள் பிழைக்கவில்லை. பலர் திசைக்கொருவராகச் சிதறி, சிலர் திரும்பாமலே போனார்கள். மாதங்கள் கழித்து மண்டபம் திறந்தது; 2006-இல் அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கம் கோஷ்டிக்கு வழங்கப்பட்டது. 2020-இல் பெருந்தொற்றால் மறுபடி மூடிய கதவு அடுத்த ஆண்டு ஜூனில் திறந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஸாண்ட்ராவும் காலமானார்.

இடையில், 2013-இல், ‘காப்பாற்றும் மண்டபம்’ என்று பெயர் தாங்கிய அந்தக் கோஷ்டி, ‘தட்ஸ் இட்!’ என்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் விசேஷம், அதிலுள்ள பாட்டுக்கள் யாவும் கோஷ்டியினரே புதிதாக இயற்றியவை என்பது. அரை நூற்றாண்டில் அவர்கள் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. கிளாரினெட்டும் ஸாக்ஸஃபோனும் வாசிக்கும் சார்லி கேப்ரியல் 1932-இல், நான்கு தலைமுறையாக வாத்தியம் வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். எண்பது வயது கடந்த பின் அவர் வாசித்த அந்தப் புதிய பாட்டுக்களில் ஒன்றை, செயின்ட் பீட்டர் தெருப் பலகையைப் பார்த்தபடி ஒரு ரசிகர் விரும்பிக் கேட்டால், அவர் நீட்டவேண்டியது ஒரு டாலரா, இரண்டு டாலரா?